கங்காணி நோட்டில் கிடைத்த ஊர்

சொந்த ஊர் எது என்று கேட்டால் மலேசியாவில் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் என்று சொல்லிப் பழகியவள் நான். அதற்கு முந்தைய ஊரைப் பற்றி எங்கள் வீட்டில் மிச்சமிருந்தவை கொஞ்சம்தான். தாத்தா சின்னப் பையனாக இருக்கும்போது ரஜூலா கப்பலில் அப்பா அம்மாவோடு வந்தார். ஊர் திருச்சி ஜில்லா. பாட்டிக்குக் கோபம் வந்தால் "சிறுவாச்சூர் காளி கேக்கட்டும்" என்பார். அப்புறம் ஒரு மைலோ டின்னில் தாத்தாவின் பழைய ஐசி (அடையாள அட்டை), 1950களில் ஊரிலிருந்து வந்த நீலநிற விமானக் கடிதம் ஒன்று. இவற்றை வைத்துக்கொண்டு கிராமத்தைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியவர்கள் யாரும் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் இல்லை. தங்கள் குடும்பத்தைத் தேடத் தொடங்கி, அதில் கற்றுக்கொண்டதை மற்றவர்களுக்காகச் செலவிடுகிறவர்கள். இதே தேடலில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நான் தேடியது கப்பல் பட்டியலை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கும் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். டர்பனில் இருக்கும் ஒருவர் அந்தப் பட்டியலை வைத்து ஆற்காட்டுப் பக்கம் தன் கிராமத்துக்கே போய் நின்ற கதையைக் கேட்டுத்தான் எனக்கு ஆசை வந்தது. மலாயாவுக்கு அப்படி எதிர்பார்க்க முடியாது என்பதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர். பேராக் முழுவதும் மூடிப்போன தோட்டங்களின் பெயர்களையும், தமிழர்கள் அவற்றுக்கு வைத்திருந்த வேறு பெயர்களையும் சேகரித்து வைத்திருப்பவர். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்தவர்களில் பெரும்பகுதி கங்காணி மூலம், அதாவது ஊரில் ஆள் சேர்த்துத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தவர் மூலம் வந்தவர்கள். கப்பல் கட்டணத்தைத் தோட்ட முதலாளிகள் பணம் போட்டு நடத்திய குடிநுழைவு நிதி கொடுத்தது. ஆளுக்கு ஆள் ஒப்பந்தம் எழுதாததால், நேட்டாலுக்கு இருப்பது போல ஒவ்வொருவருக்கும் ஒரு வரி நமக்கு வாய்க்கவில்லை. தோட்டத்துச் செக்ரோல் (ஆள் வருகை, சம்பளக் கணக்கு) புத்தகங்கள் இருந்திருக்கும். ஆனால் 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது எத்தனையோ ஆபீஸ் அலமாரிகள் காலியாகிவிட்டன. எங்கள் தோட்டத்துக் கிராணி (கணக்குப்பிள்ளை) வீடு இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது.

அந்த ஐயா சொன்ன ஒரு வார்த்தை முழுத் தேடலையும் திருப்பிவிட்டது. "உங்க தாத்தாவைத் தேடாதீங்கம்மா. அவரைக் கூட்டிக்கிட்டு வந்த கங்காணியைத் தேடுங்க." காரணம் எளிது. கங்காணி தன் சொந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும்தான் ஆள் சேர்த்தார். தெரிந்த முகம், தெரிந்த குடும்பம், ஓடிப்போனால் யாரைக் கேட்பது என்று தெரிந்த இடம். அதனால் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த பத்துக் குடும்பங்களில் ஒன்றுக்கு ஊர் தெரிந்தாலும் மற்றவற்றுக்கும் வழி பிறக்கும். எங்கள் லயத்து மனிதர்கள் இப்போது கிள்ளான், பூச்சோங், ஜொகூர் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களின் தொலைபேசி எண்களைத் திரட்டுவதுதான் முதல் வேலை ஆனது. அப்பாவின் தோழர்களையும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக் களத்தை நினைவு வைத்திருக்கும் பாட்டிமார்களையும் ஒவ்வொருவராகப் பிடித்தேன். கேள்வி ஒன்றேதான்: உங்களைக் கூட்டி வந்த கங்காணி யார், அவர் பிள்ளைகள் எங்கே?

இதற்கிடையில் வந்த வருஷத்தைக் குறுக்க முடியுமா என்று பார்த்தோம். ரஜூலா 1926இல்தான் ஓடத் தொடங்கியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை போய் வந்த கப்பல். இந்தியாவில் அரசாங்கம் 1938இல் தோட்டக் கூலிகளை உதவிப் பணத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. நடுவில் 1930இல் பெருமந்தம் வந்து ரப்பர் விலை விழுந்து, ஆள் எடுப்பது நின்று, இங்கிருந்த பல்லாயிரம் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே ஒன்று 1926க்கும் 1930க்கும் இடையில், இல்லையென்றால் 30களின் நடுவில். தலைமையாசிரியர் ஐயா இதிலும் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். பின்னாளில் ஊருக்குப் போய் வந்த எல்லோரும் ரஜூலாவில் போனதால், முதலில் வந்த கப்பலையும் ரஜூலா என்றே பல குடும்பங்கள் சொல்கின்றனவாம். வேறு சாட்சி கிடைக்கும்வரை அதைப் பென்சிலில் எழுதி வையுங்கள் என்றார்.

கடிதத்தைப் படித்தவர் ஈப்போவில் தபால்தலை சேர்க்கும் ஓர் அண்ணன். கடிதத்துக்குள் ஊர்ப்பெயர் கிடையாது. "நம்மூரில் மழை இல்லை" என்றுதான் எழுதியிருந்தது. மடித்து ஒட்டும் அந்தத் தாளைத் திறக்கும்போது அனுப்புநர் முகவரி இருந்த பக்கம் கிழிந்து போயிருந்தது. மிச்சம் இருந்தவை தபால் முத்திரைகள்தான். அவர் அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்து விதவிதமாகப் படம் எடுத்தார். துறையூர் என்பது ஒன்றில் நன்றாகவே தெரிந்தது. இன்னொன்று கிராமத்துக் கிளை அஞ்சலகத்தின் முத்திரை. அதில் கடைசி நாலு எழுத்துகள் மட்டும் மை பிடித்திருந்தன. துறையூரைச் சுற்றியுள்ள கிளை அஞ்சலகங்களில் அந்த எழுத்துகளில் முடியும் பெயர்களைத் தனியாக எடுத்து ஒரு சின்னப் பட்டியல் போட்டார். கடிதத்தின் உறையை வெட்டி எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் தாளை மட்டும் வைத்திருப்பவர்களிடம் அவர் எப்போதும் வருத்தப்பட்டுப் பேசுவார். உறையில்தான் ஊர் இருக்கிறது.

துறையூர் என்று தெரிந்ததும் பாட்டியின் சத்தியத்துக்கும் பொருள் வந்தது. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் பெரம்பலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் கோயில். துறையூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் பச்சைமலை. பழைய திருச்சி ஜில்லா மிகப் பெரியது. பெரம்பலூரும் கரூரும் 1995இல்தான் தனி மாவட்டம் ஆயின. ஆகவே வீட்டில் "திருச்சி" என்று சொல்லிவந்ததை மட்டும் நம்பி இன்றைய திருச்சி மாவட்டத்துக்குள்ளேயே தேடினால் பாதிப்பேர் வழி தவறுவார்கள். அதே நேரம் மதுரகாளி ஏராளமான குடும்பங்களுக்கு, பல சாதியினருக்குக் குலதெய்வம். அவள் வட்டாரத்தைக் காட்டுவாள். வீட்டைக் காட்ட வேறு ஏதாவது வேண்டும்.

அந்த வேறு ஏதாவது கிள்ளானில் இருந்தது. கங்காணியின் பேரன் எங்கள் அப்பாவைவிட மூத்தவர். அவர் வீட்டு சாமி அறையில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார் தன் தாத்தாவான அந்தக் கங்காணியின் கணக்கு நோட்டை. வீட்டை விட்டு வெளியே கொடுக்க அவருக்கு மனமில்லை. அது நியாயம்தான். அவர் முன்னாலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுக்க அனுமதித்தார். எழுத்து முழுக்கத் தமிழ் எண்களும் பழைய குறியீடுகளும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, ரூபாய்க்கு ௹. எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. தலைமையாசிரியர் ஐயா வீட்டில் இரவு வெகுநேரம் உட்கார்ந்து அவர் படிக்கப் படிக்க நான் எழுதினேன்.

விபவ வருஷம் ஆடி மாதம். அதாவது 1928, ஜூலை ஆகஸ்டு. தாத்தாவின் அப்பா பெயர், அவருடைய அப்பா பெயர், "பெஞ்சாதி, பையன் 2". ஊர்ப்பெயர் தெளிவாக இருந்தது. ஈப்போ அண்ணனின் பட்டியலில் இருந்த பெயர்களில் அதுவும் ஒன்று. கீழே பற்று: வேட்டி சேலைக்கு இவ்வளவு, ரயிலுக்கு இவ்வளவு, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய தொகையாக "பண்ணைக் கடன் தீர்த்த வகையில்". அந்த வரியில் ஐயா வாசிப்பதை நிறுத்திவிட்டார். எங்கள் முப்பாட்டன், அதாவது தாத்தாவின் அப்பா, ஒரு பண்ணையில் கடனுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தவர். கங்காணி அந்தக் கடனை அடைத்து, அதையே முன்பணமாக எழுதிக்கொண்டு அழைத்து வந்திருக்கிறார். ஒரு கடனிலிருந்து இன்னொரு கடனுக்குள். என் வீட்டு ஆட்களைப் பற்றி எழுத்தில் நான் பார்த்த முதல் வரி அது. அதைப் பார்த்து எனக்கு வந்தது கோபம். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

அந்த வரியால் இன்னொன்றும் புரிந்தது. நிலம் இல்லாத குடும்பத்தைப் பட்டாவிலும் சிட்டாவிலும் அ பதிவேட்டிலும் தேடிப் பயனில்லை. ஊர்க்காரர்கள் பரம்பரை தேடும்போது முதலில் கை வைப்பது நிலப் பதிவில்தான். வில்லங்கச் சான்று போட்டுப் பார், பழைய பத்திரத்தைப் பார் என்பார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு அது அருமையான வழி. எங்களைப் போன்றவர்களுக்கு வேறு ஆவணம் வேண்டும். துறையூரில் இருக்கும் ஒரு தம்பி, தன் கொள்ளுத்தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனதைத் தேடிக்கொண்டிருப்பவர், எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தார்: பழைய வாக்காளர் பட்டியல். தமிழ்நாட்டின் 2002, 2005 பட்டியல்கள் தேர்தல் துறையின் தளத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. கிராமவாரியாக வீட்டு எண், பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், வயது. 2005இல் எண்பது வயது என்றால் 1925இல் பிறந்தவர். மலாயாவுக்குப் போகாமல் ஊரில் நின்றுவிட்ட பிள்ளைகளின் வயது அது.

எங்கள் ஊர்ப் பட்டியலில் எண்பது வயது மனிதர் ஒருவர் இருந்தார். தகப்பன் பெயர், எங்கள் முப்பாட்டன் பெயர். கைக்குழந்தையை ஆத்தாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள் என்று எங்கள் அத்தை எப்போதோ சொன்னதை அப்பா அப்போதுதான் நினைவுபடுத்திச் சொன்னார். ஒரே பெயர் என்பதால் ஒரே ஆள் என்று முடிவு கட்டக் கூடாது என்பது இந்தத் தேடலில் எல்லோரும் சொல்லும் விதி. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தம்பி நேரில் போய்க் கேட்டார். பெரியவர் காலமாகிவிட்டிருந்தார். அவர் மகன் சொன்ன முதல் பதிலே போதுமாக இருந்தது: "மலேயாவுக்குப் போன பெரியப்பா வூடா? ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. பெரியவர் என்ன ஆனாருன்னு இன்னிவரைக்கும் தெரியலை."

ஊருக்கு நான் போனபோது அவர் சித்தப்பா முறை ஆனார். டீக்கடையில் நிறுத்தி வழி கேட்டபோது, எந்தத் தெரு, என்ன ஆளுங்க என்பதுதான் எங்களிடம் வந்த கேள்வி. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு வீட்டில் சாதி சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பங்காளி வீடுகளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அங்கேதான் தெரிந்தது. தம்பி அதற்கு வழி வைத்திருந்தார். கடையில் கேட்காதீர்கள், கோயில் பூசாரியிடம் கேளுங்கள். குலதெய்வத்தையும் யார் யார் சேர்ந்து பொங்கல் வைப்பார்கள் என்பதையும் கேட்டாலே பங்காளிகள் யார் என்று தெரிந்துவிடும் என்றார். அப்படித்தான் நடந்தது. கிராமத்தின் பெயரை இங்கே நான் எழுதாததற்குக் காரணம் சித்தப்பா குடும்பம் கேட்டுக்கொண்டதுதான்.

சித்தப்பா கேட்ட பெரியவரைப் பற்றி எங்களிடம் பதில் இருந்தது. தாத்தாவின் அண்ணனை 1943இல் ஜப்பான்காரன் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். சயாம் மரண ரயில் பாதைக்கு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதையை 1942இல் தொடங்கி சுமார் ஒரே வருஷத்தில் முடித்தார்கள். தாய்லாந்தில் (அன்றைய சயாம்) காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் வெட்டிய கல் வரிசை வரிசையாக இருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் வைத்துக் கல் இல்லை. அவர் திரும்பவில்லை என்பதை நான் சொன்னபோது சித்தப்பா கேட்டது ஒன்றுதான், எந்த மாதம் என்று. தெரிந்தால் திதி கொடுக்கலாம் என்று தன் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். மாதம் எங்களுக்கும் தெரியாது. ஆடி அமாவாசையில் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, இப்போது அவர் அங்கே கொடுக்கிறார், அப்பா இங்கே கொடுக்கிறார்.

நோட்டில் எங்கள் குடும்பம் தவிர இன்னும் நிறையக் குடும்பங்களின் வரி இருக்கிறது. கங்காணியின் பேரன் சம்மதத்தோடு அவற்றைப் படியெடுத்து வருகிறேன். பெயருக்குப் பக்கத்தில் சாதி எழுதிய பத்தி ஒன்று உண்டு. பொதுவில் யாருக்கும் காட்டும் பிரதியில் அதைச் சேர்க்கப் போவதில்லை. அந்தந்தக் குடும்பத்தார் கேட்டால் அவர்களுக்கு மட்டும் அவர்கள் வரியை முழுதாகக் கொடுப்பது என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். பேராக்கில் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்துத் தோட்டங்களில் இருந்த குடும்பமாக உங்களுடையது இருந்து, துறையூர், பெரம்பலூர், பச்சைமலை என்ற பெயர்களை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால், முதலில் அவர்களிடம் கங்காணியின் பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். பழைய கடிதம் இருந்தால் உறையோடு வையுங்கள்.