செட்டிநாட்டு வளவு வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்ட்: பங்குனி முதல் கார்த்திகை வரை

23.03.2025

உள்மயிர் கொட்டத் தொடங்கிவிட்டது. தொடைக்குப் பின்னால் பஞ்சுபஞ்சாக நிற்கிறது, விரலால் இழுத்தாலே கையோடு வருகிறது. இந்த இனத்துக்கு மேலே முரட்டு மயிர், அடியில் நெருக்கமான மென்மயிர் என்று இரண்டு அடுக்கு. சாதாரண பிரஷ் மேலடுக்கோடு நின்றுவிடும். நீளமான பல் உள்ள ரேக் வாங்கி, மயிர் போன போக்கில், தோலை அழுத்தாமல் வார வேண்டும். வாரத்துக்கு மூன்று முறை, கால்மணி நேரம். முற்றத்தில் வைத்து வாருவது நல்லது. பட்டாலையில் (தூண் வைத்த மேடைக் கூடத்தில்) பறந்தால் தூண் சித்திரவேலைக்குள் புகுந்த மயிரை எடுத்து மாளாது. வாரிய பிறகுதான் குளியல். இல்லாவிட்டால் உள்மயிர் நனைந்து கம்பளியாக இறுகிக்கொள்ளும்.

வெயிலுக்கு மொட்டை போடவே கூடாது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. மயிரை வழித்தால் வெயில் நேராகத் தோலில் அடிக்கும்; சில நாய்களுக்கு மேல்மயிர் பழையபடி வளராது.

05.05.2025

நேற்றுக் கத்திரி தொடங்கியது. நடை காலை 6:30க்குள், மாலையில் 7க்கு மேல். அப்போதும் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, செம்மண் பாதையாகப் போவதே மேல்.

சூடு தாக்கினால் நாக்கு கருஞ்சிவப்பாகும், எச்சில் கோந்தாகும், நடை தள்ளாடும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 104க்கு மேல் ஆபத்து. உடனே கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க, முக்கியமாக வயிறு, தொடையிடுக்கில் ஊற்றி மின்விசிறியைத் திருப்ப வேண்டும். ஐஸ் தேடி ஓட வேண்டாம். ஈரத்துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் போகத்தான் வேண்டும்.

22.06.2025

செட்டிநாட்டில் இந்த நாய்க்கு வெயிலைவிடப் பெரிய எதிரி தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்தான். வெயிலுக்கு நேரத்தை மாற்றலாம், தரையை மாற்ற முடியாது. இந்த இனத்தில் இடுப்பு மூட்டு தளர்வது பரம்பரையாக வருவது: தொடையெலும்பின் பந்து கிண்ணத்தில் சரியாக உட்காராது. அந்தப் பரம்பரையில் வந்த குட்டி வழவழப்பான கல்லில் ஓடினால் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னங்கால்கள் பக்கவாட்டில் விரிந்து மூட்டு மேலும் தேயும்.

கோரைப்பாய் விரித்துப் பயனில்லை, பாயும் சேர்ந்தே வழுக்கும். மாட்டுக் கொட்டகைக்கு விற்கும் ரப்பர் மேட்டை வெட்டி, நாய் வழக்கமாக ஓடும் தடத்தில் மட்டும் போட்டால் போதும். விரலிடுக்கு மயிரைப் பாதத் திண்டோடு மட்டமாக வெட்ட வேண்டும். கல்லில் நகம் 'டக் டக்' என்று கேட்டால் நகம் நீளம் என்று அர்த்தம். உயரமான திண்ணையிலிருந்து குதிக்கவிடாமல் பார்க்க வேண்டும்.

குட்டி வாங்கும்போது தாய், தகப்பன் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்க வேண்டும். வம்சாவளிக் காகிதம் மட்டும் போதாது.

14.07.2025

காது நிற்கவில்லை என்று கால்சியம் டானிக் ஊற்றும் பழக்கம் காரைக்குடிப் பக்கம் ஒழிந்தபாடில்லை. பல் முளைக்கும் 4, 5 மாதத்தில் நின்ற காதும் சாயும்; பெரும்பாலும் 7 மாதத்துக்குள் தானாக நிமிரும். காதில் இருப்பது குருத்தெலும்பு, அதைக் கால்சியம் நிமிர்த்தாது. பெரிய இனக் குட்டியின் குடலால் மிகுதியான கால்சியத்தைத் தடுக்க முடியாது. அது எலும்புக்குப் போய்க் காலைக் கோணலாக்கும். பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் கொடுத்தால் டானிக் வேண்டவே வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் வளர்ந்த நாயின் கதை வேறு. 30 கிலோ நாய்க்கு நாளைக்கு 1,400 கலோரி வரை வேண்டும்: சோறு 400 கிராம், எலும்பில்லாத வெந்த கோழி 350, பூசணி 150, முட்டை ஒன்று, தயிர் ஒரு கரண்டி, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. இதில் போதிய கால்சியம் இல்லை. முட்டை ஓட்டை நைசாகப் பொடித்து முக்கால் தேக்கரண்டி கலக்க வேண்டும். தடவினால் விலா தட்டுப்பட வேண்டும், இல்லாவிட்டால் சோற்றைக் குறைக்க வேண்டும்.

31.08.2025

ஆவணி. சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்), கிரகப்பிரவேசம் என்று பந்தி மிச்சம் வரும். பாயசத்துக் கிஸ்மிஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சின்ன வெங்காயம் வெந்தாலும் வதங்கினாலும் விஷம்தான். சிவப்பணுவை உடைக்கும், சில நாள் கழித்து ஈறு வெளுத்து மூத்திரம் காப்பி நிறமாகும். கறி விருந்தென்றால் வெந்த கோழி எலும்பும் ஆபத்து. நாயை வீட்டின் பின்பக்க இரண்டாங்கட்டில் அடைத்துவைப்பதே சரி, வந்தவர்கள் பாசத்தை யாராலும் தடுக்க முடியாது.

மொத்தமாகத் தின்றுவிட்டு ஓடினால் இரைப்பை முறுக்கிக்கொள்ளலாம். வாந்திக்குக் குமட்டும், எதுவும் வராது, வயிறு மத்தளமாகும். அந்த நிலைக்கு அறுவைசிகிச்சைதான். ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்க நேரமில்லை. அன்றாடம் இரண்டு வேளையாகப் பிரித்துப் போட்டு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் ஓட்டம் இல்லாமல் பார்ப்பது நல்லது.

19.10.2025

நாளை தீபாவளி. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஓடும் மின்விசிறி, கழுத்துப்பட்டையில் போன் நம்பர். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துப் பக்கத்து ஊர்களில் பறவைகளுக்காக வெடிப்பதில்லை. அங்குள்ள நாய்கள் கொடுத்துவைத்தவை.

23.11.2025

மழை விட்ட இடைவெளியில் உண்ணி. காது மடலின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடி, விரலிடுக்கு: இந்த மூன்றையும் தினமும் பிரித்துப் பார்க்க வேண்டும். ரத்தம் குடித்த பெண் உண்ணி சாம்பல் நிறக் கொத்தமல்லி விதை மாதிரி உப்பி நிற்கும். அது கீழே விழுந்து சுவரேறி, நிலைச்சந்திலும் காரை வெடிப்பிலும் முட்டையிடும். பழைய வீட்டில் வெடிப்புகளைப் பூசாமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் தீராது. ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவக் கூடாது. ஃப்ளூராலனர் மாத்திரை 12 வாரம் காக்கும். வலிப்பு வந்த நாயென்றால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாட்டுக்குப் போடும் ஒட்டுண்ணி மருந்தான ஐவர்மெக்டினை நாய்க்கும் ஒரு ஊசி போடச் சொல்வது கிராமங்களில் சகஜம். ஆடு மேய்க்கும் இனங்கள் பலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணு பழுதாக இருக்கும், ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றுக்கு உண்டு. அப்படிப்பட்ட நாய்க்கு அந்த அளவு மருந்து மூளைக்குள் ஏறி நடுக்கம், பார்வையிழப்பு, மயக்கம் வரை போகும்.

உண்ணிக் காய்ச்சலில் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் இறங்கும், மூக்கில் ரத்தம் வரலாம். ஷெப்பர்டுக்கு மற்ற நாய்களைவிடக் கடுமையாகவே வரும். டாக்சிசைக்ளின் (கிருமிக்கொல்லி மாத்திரை) எழுதினால் பெரும்பாலும் 28 நாள். முதல் வாரத்திலேயே நாய் துள்ளும். அப்போது மாத்திரையை நிறுத்தினால் நோய் உள்ளே பதுங்கித் திரும்ப வரும். முடிந்ததும் தட்டணு எண்ணிக்கையை மறுபடி பார்த்துவிட வேண்டும்.