தறியும் அடுப்பும் வளர்த்த லியோன்

பிரான்சுக்குச் செல்லும் நம்மவர்களில் பலர், நான் அறிந்த வரையில், பாரிசைப் பார்த்த கையோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பாரிசில், லியோன் நகரின் பெயரையே தாங்கி நிற்கும் கார் த லியோன் நிலையத்தில் ஏறினால், ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் லியோனில் இறங்கிவிடலாம். பிரான்சின் முதல் அதிவேக ரயில் பாதை 1981-இல் திறக்கப்பட்டது இந்த இரு நகரங்களை இணைப்பதற்காகத்தான். லியோனின் புகழ்பெற்ற இடங்களைப் பற்றியும் உணவைப் பற்றியும் வழிகாட்டி நூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் சொல்வது வழக்கம். அந்தப் பிரிவினை எனக்கு உடன்பாடில்லை. பட்டு நெய்தவர்கள் எந்த வீட்டில் வாழ்ந்தார்கள், எந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள், விடியற்காலையில் எதைத் தின்றார்கள் என்பவை ஒரே வரலாற்றின் பகுதிகள். அந்த வரலாற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நகரம் தானாகவே விளங்கத் தொடங்கும்.

ரோன், சோன் என்ற இரு நதிகள் கூடுமிடத்தில், பொது ஆண்டுக்கு முன் 43-இல், லூசியஸ் முனாசியஸ் பிளாங்கஸ் என்ற ரோமானியத் தளபதி லுக்துனும் என்ற குடியிருப்பை நிறுவினார். அதுவே பின்னாளில் லியோன் ஆயிற்று. நகரின் மேற்கே ஃபூர்வியேர் குன்று. வடக்கே, இரு நதிகளுக்கும் நடுவே, க்ருவா-ரூஸ் குன்று. முன்னதைத் தொழுகின்ற குன்று என்றும் பின்னதை உழைக்கின்ற குன்று என்றும் ஊரார் சொல்வார்கள். பயணிகள் வழக்கமாக முதலில் ஏறுவது தொழுகின்ற குன்றில்; நான் உழைக்கின்ற குன்றிலிருந்து தொடங்கும்படி பரிந்துரைப்பேன்.

க்ருவா-ரூசுக்குப் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் மெட்ரோ ரயிலே செல்கிறது; அவ்வளவு செங்குத்தான ஏற்றம் அது. மேலே இறங்கியதும் கண்ணில் படுவது வீடுகளின் உயரமான சன்னல்கள்தாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தக் குன்றில் எழுந்த கட்டடங்கள், மனிதர்களின் அளவுக்காக அல்லாமல் தறியின் அளவுக்காகக் கட்டப்பட்டவை. லியோனில் பிறந்த ழொசேஃப் மரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய தறி ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம் வேண்டுவது. எனவே கூரையும் அதற்கேற்ப உயர்ந்தது. பட்டின் நிறத்தைப் பிழையின்றிப் பார்க்க வெளிச்சம் தேவைப்பட்டதால் சன்னல்கள் நீண்டன. அதே அறையில் அடுக்களைக்கு மேலே பலகை அடித்து அமைத்த பரணில் நெசவாளியின் குடும்பம் உறங்கியது. இந்தப் பட்டு நெசவாளர்களைத்தான் லியோனில் கனூ என்று அழைக்கிறார்கள்.

ஜக்கார்டுக்கு முன்பு, பூவேலைப்பாடு நெய்வதற்குப் பாவு நூல்களைத் தேவையான வரிசையில் தூக்கிப் பிடிக்க ஓர் உதவியாள், பெரும்பாலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமி, நாள் முழுவதும் கயிறுகளை இழுத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. துளையிட்ட அட்டைகளின் கோவை ஒன்று அந்த வேலையை ஏற்றுக்கொண்டது: துளை உள்ள இடத்தில் நூல் எழும், துளை இல்லாத இடத்தில் எழாது. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறியின் மேலே அமர்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தப் பெயரின் சொந்த ஊர் இதுதான். 1839-இல் ஜக்கார்டின் உருவப்படத்தையே இந்தத் தறியில் பட்டாக நெய்தார்கள். அதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. கணிப்பொறியின் முன்னோடியான சார்ல்ஸ் பாபேஜ் அந்தப் படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தார். ரூ தீவ்ரி தெருவில் உள்ள மெசோன் தே கனூ என்ற சிறிய காட்சியகத்தில் பழைய தறிகளை இன்றும் இயக்கிக் காட்டுகிறார்கள். லியோனில் ஒரேயொரு காட்சியகத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் நான் இதையே பார்ப்பேன்.

இந்தக் குன்று அமைதியாக நெய்துகொண்டு மட்டும் இருக்கவில்லை. பட்டு வணிகர்கள் நூலைக் கொடுத்து, நெய்த துணிக்கு விலை பேசுவார்கள். அந்த விலை வீழ்ந்துகொண்டே போனபோது, குறைந்தபட்சக் கூலிப் பட்டியல் ஒன்றை நெசவாளர்கள் கேட்டார்கள். ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியலை வணிகர்களில் ஒரு சாரார் ஏற்க மறுக்கவே, 1831 நவம்பரில் கனூக்கள் கருப்புக் கொடியோடு குன்றிலிருந்து இறங்கினார்கள். ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டு மடிவோம்’ என்பது அந்தக் கொடியின் வாசகம். நகரம் சில நாட்கள் அவர்கள் கையில் இருந்தது. பின்பு பெரும்படை வந்து அதை மீட்டது. 1834 ஏப்ரலில் மீண்டும் எழுந்தபோது அடக்குமுறை இன்னும் கொடியதாக இருந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். ஐரோப்பியத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு இந்தப் படிக்கட்டுகளைத் தவிர்த்து எழுதப்படுவதில்லை. பிளாஸ் கொல்பேர் சதுக்கத்தருகே உள்ள கூர் தே வொராஸ் முற்றத்தில், ஆறு தளங்களுக்கு எழும் திறந்த கற்படிக்கட்டு ஒன்று இருக்கிறது. அலங்காரம் ஏதுமற்ற அந்தப் படிக்கட்டுதான் என் மதிப்பில் லியோனின் மிக அழகான கட்டுமானம்.

அந்த முற்றம் ஒரு த்ராபூல். ஒரு தெருவில் கதவைத் திறந்து நுழைந்து, வீடுகளின் ஊடாகவும் முற்றங்கள் வழியாகவும் நடந்து, வேறொரு தெருவில் வெளியேறும் நடைவழிகளுக்கு இந்தப் பெயர். நெய்த பட்டை மழையில் நனையாமல் கீழே கொண்டுசெல்ல நெசவாளர்களுக்கு இவை உதவின. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது எதிர்ப்புப் போராளிகளுக்கும் உதவின. இவற்றுள் மிகப் பழையவை சோன் நதியின் மேற்குக் கரையில், வியே லியோன் எனப்படும் பழைய நகரில் உள்ளன. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் இத்தாலிய வணிகர்களும் வங்கியாளர்களும் குடியேறிய பகுதி அது. 1536-இல் முதலாம் ஃபிரான்சுவா மன்னர் பட்டு நெசவுக்கு உரிமை வழங்கியதும் லியோனின் பட்டுத் தொழில் வேரூன்றியது. ரூ சேன்-ழான் தெருவின் 54-ஆம் எண் கதவில் நுழைந்தால், நான்கு முற்றங்களைக் கடந்து ரூ து பெஃப் தெருவின் 27-ஆம் எண்ணில் வெளியே வரலாம்.

நகரில் நூற்றுக்கணக்கான த்ராபூல்கள் இருந்தாலும் பொதுமக்களுக்குத் திறந்திருப்பவை சிலவே. மாநகராட்சியும் வீட்டு உரிமையாளர்களும் செய்துகொண்ட உடன்பாட்டினால்தான் அவையும் திறந்திருக்கின்றன. உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு நடப்பது நம் கடமை. இந்தப் பகுதியே அழிந்திருக்க வேண்டியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதன் நடுவே பெருஞ்சாலை அமைக்கும் திட்டம் இருந்தது. குடியிருப்போரின் எதிர்ப்பும், பழைய நகர்ப்பகுதிகளைக் காக்க 1962-இல் இயற்றப்பட்ட மால்ரோ சட்டமும் அதைத் தடுத்தன. 1964-இல், பிரான்சில் அச்சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட முதல் பகுதியாக வியே லியோன் அறிவிக்கப்பட்டது. 1998-இல் லியோனின் வரலாற்றுப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கிருந்து கம்பிவட ரயிலில் ஃபூர்வியேர் உச்சிக்குச் செல்லலாம். அங்குள்ள நோத்ர்-தாம் தேவாலயம், பிரஷ்யாவுடன் நடந்த 1870-ஆம் ஆண்டுப் போரில் பகைவர் படை நகரை அணுகக் கூடாது என்று செய்த நேர்த்திக்கடனால், 1872-இல் தொடங்கிக் கட்டப்பட்டது. நான்கு கோபுரங்களோடு நிற்கும் அதனைத் தலைகீழாகக் கிடக்கும் யானை என்று லியோன் மக்களே அன்போடு சொல்வார்கள். உட்புறச் செழிப்பு சிலருக்குத் திகட்டலாம். ஆனால் அதன் முற்றத்திலிருந்து இரு நதிகளும் செந்நிறக் கூரைகளும் ஒருசேரத் தெரியும் காட்சியைத் தவறவிடக் கூடாது. அருகிலேயே ரோமானியர் கட்டிய அரைவட்டத் திறந்தவெளி அரங்கம் உள்ளது. ஆண்டுதோறும் கோடையில் அங்கே இசையும் நாடகமும் அரங்கேறுகின்றன.

டிசம்பர் 8-ஆம் நாள் மாலையில் லியோன் வீடுகளின் சன்னல்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கமும் இக்குன்றில் தோன்றியதே. 1852-இல், பழைய சிற்றாலயத்தின் கோபுரத்தில் பொன்முலாம் பூசிய மரியன்னை சிலையை நிறுவும் விழாவுக்கு அந்த நாளைக் குறித்திருந்தார்கள். புயல் மிரட்டியதால் விழா நின்றுபோகும் நிலை வந்தது. மாலையில் வானம் தெளியவே, மக்கள் தாமாகவே சன்னல்களில் விளக்கேற்றினார்கள். இன்று அது நான்கு இரவுகள் நீளும் ஒளி விழாவாகப் பெருகியிருக்கிறது.

இனி உணவு. கனூக்கள் விடியலுக்கு முன்பே வேலையைத் தொடங்கியவர்கள். ஆகவே காலை ஒன்பது மணியளவில் அவர்களுக்குப் பசி கடுமையாக இருக்கும். பன்றி இறைச்சித் துண்டுகள், முந்தைய நாள் மிச்சம், ரொட்டி, பொழொலே ஒயின் ஆகியவற்றைக் கொண்ட அந்தக் காலை உணவுக்கு மாஷோன் என்று பெயர். அதை இன்றும் பேணிவரும் உணவகங்கள் உண்டு. பூஷோன் எனப்படும் லியோனின் சிற்றுணவகங்கள் இந்த மரபில் வந்தவை. நெருக்கமாகப் போட்ட மேசைகள், கட்டம் போட்ட விரிப்பு, அடி தடித்த கண்ணாடிக் குடுவையில் 46 சென்டிலிட்டர் ஒயின் என்று அவற்றுக்கு ஒரு தோற்றம் உண்டு. பழைய நகரின் சுற்றுலாத் தெருக்களில் இந்தத் தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடை நடத்துவோரும் இருக்கிறார்கள். பட்டியல் சிறியதாகவும், உள்ளூர்க்காரர்கள் மதியத்தில் அமர்ந்து உண்ணும் இடமாகவும் பார்த்துச் செல்வது நல்லது.

பூஷோன் சமையலின் அடிப்படை, வசதி படைத்தோர் ஒதுக்கிய பகுதிகளைச் சுவையாக்குவது. மாட்டின் இரைப்பையை வேகவைத்து, வெள்ளை ஒயினில் ஊறவிட்டு, முட்டையிலும் ரொட்டித் தூளிலும் தோய்த்துப் பொரித்தெடுத்தால் தப்லியே த சப்பேர். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே இளகிய மென்மை. நம் ஊரில் குடல் குழம்பை விரும்பி உண்பவர்கள் இதைத் தயங்காமல் கேட்கலாம். கோழி ஈரலை அரைத்து முட்டையும் பாலும் சேர்த்து வேகவைத்த பணியாரம் ஒன்று தக்காளிச் சாற்றோடு வரும். கசப்புக் கீரை, வறுத்த பன்றி இறைச்சித் துணுக்குகள், பொரித்த ரொட்டி, இவற்றின்மேல் கொதிநீரில் உடைத்து வேகவைத்த முட்டை: இதுவே லியோன் சாலட். மஞ்சள் கரு உடைந்து கீரையில் பரவும் அந்த ஒரு வாய்க்காகவே அதை உண்ணலாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வைப்பது கெனல். ப்ரோஷே என்ற நன்னீர் மீனின் சதை நிறைய முள். அதை அரைத்துச் சலித்து, மாவும் வெண்ணெயும் முட்டையும் கலந்து நீள் உருண்டைகளாக்கி வேகவைக்கிறார்கள். பிறகு, சிங்கி இறாலின் சிறிய நன்னீர் வகையிலிருந்து எடுத்த நாந்துவா சாறு ஊற்றி அடுப்பில் வைத்தால் அது உப்பி எழும். உண்ண முடியாத முள் மீனை இத்தனை மென்மையாக்கிய பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

அந்தப் பொறுமை பெண்களுடையது. செல்வர் வீடுகளில் சமையல் செய்த பெண்கள், வேலையை விட்டு வெளியேறிச் சொந்தமாக உணவகம் தொடங்கினார்கள். அவர்களை ஊரார் ‘மேர்’, அதாவது அன்னை, என்று அழைத்தார்கள். பிரெஸ் கோழியின் தோலுக்கடியில் கருப்பு ட்ரஃபில் காளான் வில்லைகளைச் செருகி வேகவைக்கும் உணவால் அன்னை ஃபில்யூ பெயர் பெற்றார். அவரிடம் வேலை பார்த்த ஒழேனி பிரசியே 1921-இல் ரூ ரொயால் தெருவில் தமது உணவகத்தைத் திறந்தார். 1933-இல், தாம் நடத்திய இரண்டு உணவகங்களுக்கும் உணவகத் தரத்துக்கான மிஷெலன் நட்சத்திரங்களைத் தலா மூன்று பெற்று, ஒரே நேரத்தில் ஆறு நட்சத்திரங்களுக்கு உரியவரானார். 1998 வரை அந்தச் சாதனையை எவரும் எட்டவில்லை. உலகப் புகழ்பெற்ற சமையற்கலைஞர் போல் பொக்கூஸ் இளமையில் அவரது சமையலறையில்தான் தொழில் பயின்றார். பொக்கூசின் பெயரைத் தாங்கிய உணவுச் சந்தையையும் அவரது சுவரோவியத்தையும் பயணிகள் தேடிச் செல்கிறார்கள். பிரசியேயின் பெயரையும் அதே உரிமையோடு சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். ரூ ரொயால் உணவகம் வேறொருவர் பொறுப்பில் இன்றும் அவர் பெயரிலேயே நடைபெறுகிறது.

சைவ உணவினருக்கு லியோன் எளிதான ஊர் அன்று. ஆயினும் வழி உண்டு. ‘நெசவாளியின் மூளை’ என்று பொருள்படும் செர்வெல் த கனூவில் இறைச்சியே கிடையாது. புத்தம்புதுப் பாலாடைக்கட்டியைக் கடைந்து, சின்ன வெங்காயம், பூண்டு, பசுந்தழைகள், எண்ணெய், சிறிது வினிகர் சேர்ப்பார்கள். ரொட்டியோடு அது ஒரு முழு உணவாகவே அமையும். மீன் கலக்காத கெனலும் கிடைக்கிறது. ஆனால் எந்தச் சாற்றோடு தருகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லியோன் சாலட்டைப் பன்றி இறைச்சி இல்லாமல் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இனிப்புகளில், இளஞ்சிவப்புச் சர்க்கரை பூசிய பாதாம்களை நொறுக்கிப் பாலேட்டில் காய்ச்சி ஊற்றிய பிராலின் தார்த், கடை சன்னல்களிலேயே கண்ணைப் பறிக்கும். மிகுந்த தித்திப்பு, சிறு துண்டே போதும். எனக்கு விருப்பமானது கூசன் த லியோன். பச்சை நிறப் பாதாம் பசைக்குள் சாக்லேட் நிரப்பிய இந்தச் சிறு மெத்தையை வுவாசன் நிறுவனம் 1960-இல் அறிமுகப்படுத்தியது. 1643-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சிய நகரத் தலைவர்கள் ஃபூர்வியேர் அன்னைக்கு மெழுகுவர்த்தியும் பொற்காசும் காணிக்கை நேர்ந்தார்கள். அந்தக் காசை ஏந்திச் சென்ற பட்டு மெத்தையின் வடிவம் இது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெல்கூர் சதுக்கம் விசாலமானது. நடந்து கடந்தால் போதும். பிளாஸ் தே தெரோவில், சுதந்திர தேவி சிலையைச் செய்த பர்த்தோல்தி வடித்த குதிரை நீரூற்று நின்று பார்க்கத் தக்கது. தேத் தோர் பூங்கா மாலைப் பொழுதுக்கு ஏற்றது. ஆனால் மோன்ப்ளேசீர் பகுதியைத் தள்ளிப்போட வேண்டாம். 1895 மார்ச்சில், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களில் ஒருவரான லூயி, தங்கள் தொழிற்சாலை வாசலில் படக்கருவியை நிறுத்தி, வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளர்களைப் படம் பிடித்தார். சினிமாவின் முதல் காட்சிகளில் ஒன்றாகிய அதில் நடப்பவர்கள் அந்த ஊரின் உழைப்பாளிகள்; அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தத் தெருவுக்கு முதல் திரைப்படத் தெரு என்றே பெயர். அவர்கள் வெளிவந்த கொட்டகை காக்கப்பட்டு, இப்போது திரையரங்காக இயங்குகிறது. அருகிலேயே லூமியேர் குடும்ப மாளிகையில் காட்சியகம் இருக்கிறது. மெட்ரோவின் டி தடத்தில் மோன்ப்ளேசீர்-லூமியேர் நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடைதான்.