செவலையின் கழுத்தில் முளைத்த மரு

தை மாதம் குளிப்பாட்டும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. செவலைக் கிடேரிக்கு அப்போது 14 மாதம். தாடைக்குக் கீழே மிளகு அளவில் இரண்டு. உண்ணி என்று கிள்ளிப் பார்த்தேன், வரவில்லை. மாசி முடிவதற்குள் தலைக்கயிறு உரசும் இடமெல்லாம் முளைத்துவிட்டது. பெரியது எலுமிச்சை அளவில், காலிஃப்ளவர் மாதிரி வெடித்துச் சாம்பல் நிறத்தில் தொங்கியது.

அதில் ஒன்றை நானே பிளேடால் அறுத்தேன். செய்திருக்கவே கூடாது. ரத்தம் நிற்க அரை மணி நேரம் ஆனது, மூன்றாம் நாள் அந்தப் புண்ணில் புழு. செவலை கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றதைப் பார்க்க மனசு தாங்கவில்லை.

அப்புறம்தான் கால்நடை மருத்துவரை அழைத்து வந்தேன். தோல் கழலை நோயோ என்பதுதான் என் பெரிய பயம். அவர் தடவிப் பார்த்து, "அதுல காய்ச்சல் அடிக்கும், கட்டி தோலோட சேர்ந்து உருண்டையா இருக்கும். இது தோலுக்கு மேல முளைச்சது, மருதான்" என்றார். பாப்பிலோமா என்ற வைரஸ்தான் காரணமாம். தோலில் சிராய்ப்பு இருந்தால் அது வழியாக நுழைந்துவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட கன்றுகளுக்குத்தான் அதிகம். ஒரே கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டினால் அடுத்த மாட்டுக்கும் போகும். நான் செய்ததும் அதுதான்.

புழுவை எடுத்துப் புண்ணுக்கு மருந்து போட்டார். சினை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஆன்டிமனி கலந்த ஊசியை ஒருநாள் விட்டு ஒருநாள் என ஐந்து முறை தொடையில் ஆழமாகப் போட்டார். போட்ட இடம் கொஞ்சம் வீங்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா, மருவின் அடியைக் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டேன். "காம்பு மெலிசா இருக்கறதுக்குக் கட்டலாம், அகலமா உட்கார்ந்திருக்கறதைத் தொடாதீங்க" என்றார். எலுமிச்சை அளவு மருவுக்கு மட்டும் கட்டினோம். மெல்லக் கறுத்துச் சுருங்கி, கட்டுத்தரையிலேயே உதிர்ந்து கிடந்தது. ஈ மொய்க்காமலிருக்கச் சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவினேன்.

பழைய கயிற்றை எரித்துவிட்டேன். இப்போது ஒவ்வொரு மாட்டுக்கும் தனிக்கயிறு. பசுவின் காம்பிலும் வரக்கூடும் என்பதால், செவலையைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கறக்க உட்காருவதில்லை.

சின்ன மருக்கள் கருகி உதிர இரண்டு மாதம் ஆனது. சில மாதங்களில் தானாகவே உதிர்வதும் உண்டு என்று மருத்துவர் சொன்னார், அதனால் முழுக்க ஊசியால்தான் போனது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆடி வந்தபோது கழுத்து சுத்தமாகிவிட்டது. நான் அறுத்த இடத்தில் மட்டும் இன்னும் முடி முளைக்கவில்லை.