92 கேள்வி, 115 நிமிடம்: மொடியூல் 15 எழுதப்போகும் மலையகப் பிள்ளைகளுக்கு

விடுமுறைக்கு ஹட்டன் வந்தால், உயர்தரத்தில் கணிதப் பிரிவு முடித்த பிள்ளைகள் யாராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "அண்ணே, அந்த எஞ்சின் பரீட்சைக்கு என்ன படிக்கணும்?" வளைகுடாவில் விமான எஞ்சின் பழுதுபார்க்கும் கூடமொன்றில் வேலை செய்கிறேன். அந்தப் பரீட்சையில் இரண்டாம் தடவைதான் சித்தியடைந்தேன். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

ஐரோப்பிய பார்ட் 66 பி1 என்பது விமானப் பராமரிப்பு லைசன்ஸ். அதற்கு எழுதும் பரீட்சைகளில் ஒன்றான மொடியூல் 15, காஸ் டேபைன் (ஜெட் வகை) எஞ்சின் பற்றியது. 92 கேள்வி, 115 நிமிடம். கேள்விக்கு 75 விநாடி, தரப்படும் மூன்று விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். 75 வீதம், அதாவது 69 விடை சரியாக இருக்க வேண்டும். பிழைக்குப் புள்ளி குறைப்பதில்லை, ஆகவே எதையும் வெறுமையாக விடாதீர்கள். தவறினால் பொதுவாக 90 நாள் காத்திருக்க வேண்டும்.

முதல் தடவை பழைய கேள்வித் தொகுப்புகளைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். 61 வந்தது. கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட்டதுமே தடுமாறிவிட்டேன். தமிழில் படித்து வந்தவன், ஆங்கிலம்தான் காலை வாரியது என்று நினைத்தேன். ஆங்கிலம் இல்லை, காரணம் தெரியாமல் படித்ததுதான்.

அப்பா தேயிலை பெக்டரியில் பிட்டர். கொழுந்து வாட்டும் விசிறியின் பெயரிங்மேல் ஸ்க்ரூட்ரைவரை ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார். சத்தம் மாறியிருந்தால், ஏன் மாறியது என்று நான் சொல்லும்வரை விடமாட்டார். அந்த 90 நாளும் அப்படித்தான் படித்தேன்.

ஓர் உதாரணம். சூட்டு வாயு தள்ளிச் சுழற்றும் தகடுதான் டேபைன் பிளேட். அதன் நுனி தேய்ந்தால் சுற்றியுள்ள உறைக்கும் அதற்கும் இடைவெளி கூடும். அந்த இடைவெளி வழியே சூட்டு வாயு வேலை செய்யாமலே தப்பிப் போகும். அதே உந்துவிசைக்கு எரிபொருள் அதிகம் ஊற்ற வேண்டும். வெளியேறும் வாயுவின் வெப்பநிலை ஏறும், எல்லை நெருங்கும். எஞ்சினைக் கழற்றிக் கூடத்துக்கு அனுப்புவது பெரும்பாலும் இதனால்தான். இந்தத் தொடர் பிடிபட்டால், எந்த முனையிலிருந்து கேட்டாலும் விடை சொல்லலாம். எஞ்சினுக்குள் வரும் காற்றை அமுக்கும் கம்ப்ரஸரைக் கழுவினால் அந்த வெப்பநிலை ஏன் இறங்குகிறது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

உயரழுத்த டேபைன் பிளேட் ஒன்றை முதன்முதல் கையில் வாங்கிய நாள் மறக்காது. உள்ளங்கைக்குள் அடங்குகிறது, உடம்பெங்கும் ஊசி முனை போல் துளைகள். அந்த உலோகம் உருகும் அளவையும் மிஞ்சிய சூட்டில் அது சுழல்கிறது. துளை வழியே வரும் காற்றுப் படலம்தான் காப்பாற்றுகிறது. ஒரு துளை அடைபட்டாலும் அந்த இடம் கருகும்.

இருட்டறையில் ஊடுருவு திரவம் பூசி, புறஊதாக்கதிர் விளக்கில் வெடிப்புத் தேடும் வேலையும் உண்டு. பச்சை மயிரிழை போல ஒரு கோடு மின்னும். 1989இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தின் விசிறித் தட்டில் இருந்த வெடிப்பு, இதே சோதனையில் கண்ணுக்குத் தப்பியது. நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சோதனைக்கு முன் பாகத்தை ஏன் அவ்வளவு சுத்தமாகக் கழுவ வேண்டும் என்று படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். வெடிப்புக்குள் அழுக்கிருந்தால் திரவம் இறங்காது.

ஆங்கிலப் பதங்களை அப்படியே படியுங்கள், விளக்கத்தைத் தமிழில் எழுதி வையுங்கள். என் கொப்பி முழுக்க அப்படித்தான். 15ஐ முதலில் எடுக்க வேண்டாம். உயர்தரப் பாடம் மறக்குமுன் மொடியூல் 1 கணிதத்தையும் 2 பௌதிகவியலையும் எழுதி முடித்துவிடுங்கள்.