அப்பா பெயரில் வந்த மாடி வீடு

கொழும்பு கிராண்ட்பாஸில் எங்கள் தோட்டத்தை, அதாவது நெருக்கமாக வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பை, உடைத்துவிட்டுத் தொடர்மாடியில் வீடு தருவதற்காக ஆட்கள் வந்து கதவில் இலக்கம் போட்டுக் கணக்கெடுத்தபோது அப்பா இருந்தார். தொடர்மாடியில் வீடு கொடுக்கும் நேரம் அவர் இல்லை. படிவம், கூட்டம் எல்லாம் சுமுகம்தான். பெயர் மாற்றத்தில்தான் உயிரை வாங்கினார்கள்.

"லிஸ்டில் உள்ளவர் நேரில் வரவேண்டும்" என்றார் அலுவலகக் கவுன்டரில் இருந்த மிஸ். அவர் தவறிவிட்டார் என்றேன். அப்படியானால் மரணச் சான்றிதழாம். கொண்டுபோனோம். அடுத்து, பிள்ளைகள் எல்லோருக்கும் சம்மதம் என்று சத்தியக்கடதாசி. சமாதான நீதவானிடம் போய் அதையும் முடித்தோம். பிறகு கிராம சேவகர் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் இல்லையென்று திருப்பினார்கள். முதல் நாளே எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதித் தந்தால் என்ன குறைந்துவிடும்? அம்மா இடியப்பம் அவித்து விற்கிறவர். அங்கே போகிற நாளெல்லாம் அடுப்பு எரியாது.

கடைசியில் "பைல் மேலே போயிருக்கிறது" என்றார்கள். அப்புறம் மாதக்கணக்கில் அதே பதில்தான். அதற்குள் பக்கத்து வீடுகளை உடைத்துவிட்டார்கள். மழை பெய்தால் எங்கள் சுவர் ஊறியது.

தெரிந்த அண்ணா ஒருவர் சொல்லித்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அதாவது 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தில், விண்ணப்பித்தேன். பைல் யாரிடம், எந்தத் திகதியிலிருந்து, என்ன குறை என்று தமிழிலேயே ஒரு பக்கம். ஏன் கேட்கிறோம் என்று சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்லவேண்டும். கொடுத்ததற்கு அத்தாட்சித் துண்டை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதில் வந்தது: சத்தியக்கடதாசி பைலில் இல்லையாம்! நல்லவேளை, கொடுத்த அன்றே என் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்கியிருந்தேன். அதைக் காட்டியதும், அதுவரை நிமிர்ந்தே பார்க்காத மிஸ் "உட்காருங்கள்" என்றார். அம்மா பெயருக்குக் கடிதம் கைக்கு வந்துவிட்டது.

தங்கச்சி குடும்பத்துக்குத்தான் அநியாயம். பழைய வீட்டின் மேல் தட்டில் தனியாகச் சமைத்து, தனி மீட்டரோடு இருந்தவர்கள். ஆனால் கதவில் ஒரே இலக்கம், அதனால் ஒரே வீடு. உங்கள் தோட்டத்தில் இன்னும் கணக்கெடுக்கவில்லையென்றால் வாக்காளர் இடாப்பையும் கரண்ட் பில்லையும் காட்டி அந்த இடத்திலேயே தனிக் குடும்பமாக எழுதச் சொல்லுங்கள். பிறகு மாற்றுவது பெரும் பாடு. தங்கச்சி மேல்முறையீடு கொடுத்துவிட்டு, இப்போது பிள்ளைகளோடு எங்கள் முன்னறையில்தான் இருக்கிறாள்.