இருக்கிற பா, இல்லாத பா

மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ் அச்சிடப்பட்டிருக்கிறது என்கிற ஒரே செய்தி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரை எந்த அளவுக்குத் துணிச்சல்காரராக்கும் என்பதை, என் அப்பா கும்பகோணத்திலிருந்து இங்கு வந்து எங்களோடு தங்கியபோதுதான் தெரிந்துகொண்டேன். விமான நிலையத்தில் மாற்றிய நூறு ரூபாய்த் தாளை விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர், இந்தத் தீவில் தமக்கு யாருடைய துணையும் வேண்டியதில்லை என்று அங்கேயே அறிவித்துவிட்டார். ரோஸ்ஹில்லில் எங்கள் தெருவில் தமிழ்ப் பெயர் கொண்டவர்கள் பலர் உண்டு, நடந்து போகும் தொலைவில் கோவில் உண்டு, தைப்பூசக் காவடிக்கு நாடே விடுமுறை விடுகிறது, ஆனாலும் வீட்டுக்குள் புழங்குவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த கிரியோல் மொழிதான், தமிழ் பெரும்பாலும் பள்ளிப் பாடத்திலும் கோவிலிலுமே ஒலிக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அவர் மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிவந்தார்.

காதில் விழும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது, பொருளை எதிரே எழுதுவது என்பதே அவருடைய முறை. முதல் பக்கம் அவருக்குப் பெருமையைத்தான் கொடுத்தது. கறிவேப்பிலை இங்கே ‘கரிபூலே’, கொத்துமல்லி ‘கொத்தோமிலி’, முருங்கைக்கீரை ‘பிரேத் முரும்’, திகைத்தாலும் வலித்தாலும் ‘அய்யோ’. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆளுநர் லபூர்தோனே காலத்தில் புதுச்சேரிப் பக்கமிருந்து கப்பலேறிய கைவினைஞர்கள் தொடங்கி, 1834க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வரை, நம்மவர்கள் எதையெதையோ இழந்தாலும் காய்கறியையும் புலம்பலையும் மட்டும் விடாமல் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு.

சிக்கல் ‘பா’ என்ற ஒற்றை எழுத்தில் வந்தது.

கிரியோலில் ‘பா’ என்றால் மறுப்பு. தெரியாது என்பதற்கு ‘பா கொனே’, முடியாது என்பதற்கு ‘பா கபாவ்’, வேண்டாம் என்பதற்கு ‘பா பிசின்’. இதன் மூலம் பிரெஞ்சு மொழியின் ‘பா’. அதற்குப் பழைய பொருள் காலடி என்பதுதான். ஓர் அடிகூட நடக்கமாட்டேன் என்று அழுத்திச் சொல்ல வைத்துக்கொண்ட சொல், நாளடைவில் அடியை மறந்துவிட்டு மறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டது. பிரெஞ்சில் இது வினைக்குப் பின்னால் நிற்கும், கிரியோலில் வினைக்கு முன்னால் வந்துவிடும். கடைக்காரர்களுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதால், முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் அவர்கள் காதில் அது மறுப்பாகவே விழும்.

இது எதுவும் தெரியாமல், ‘மொ பிசின்’ என்றால் ‘எனக்கு வேண்டும்’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு அப்பா தெருமுனைக் கடைக்குப் போனார். (மரத்திலிருந்து வடிகிற பிசினை வேண்டும் என்பதற்கு வைத்திருக்கிறார்களே என்று அதற்கே அரை மணி நேரம் வியந்தார்.) கடைக்காரர் சீன வம்சாவளி, அப்பாவைவிட இளையவர். அப்பாவுக்குத் தம்மைவிட இளையவர்களிடம் ‘பா’ போடாமல் பேச வராது. ஆகவே கொத்துமல்லிக் கட்டைக் காட்டி, மிகுந்த அன்போடு, “மொ பிசின்ப்பா” என்றார். கடைக்காரர் மேசைமேல் எடுத்து வைத்த கட்டை மறுபடியும் கூடையில் வைத்தார். அப்பா தேங்காயைக் காட்டி, இன்னும் அன்பாக, “மொ பிசின்ப்பா” என்றார். தேங்காயும் பின்வாங்கியது. வேண்டாத பொருள்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, இது வேண்டாம், அதுவும் வேண்டாம் என்று சொல்வதற்காகவே ஒரு பெரியவர் வெயிலில் நடந்து வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்ட கடைக்காரர், அவருக்கு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டுக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்திருக்கிறார். பால் வாங்க வந்த எதிர்வீட்டுப் பெண்மணி, பள்ளியில் தமிழ் படித்தவர், அவர்தான் விளக்கி மீட்டுக்கொண்டு வந்தார். அன்று இரவு நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் ‘பா = இல்லை, வேண்டாம்’ என்று ஏறியது. கொத்துமல்லியும் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம், சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டுப் பாட்டி போஜ்புரி பேசுபவர் என்பது. பீகாரிலிருந்தும் அதை ஒட்டிய பகுதிகளிலிருந்தும் வந்த தோட்டத் தொழிலாளர்களின் மொழி அது. ஒரு காலத்தில் கரும்புக்காட்டு ஊர்களெல்லாம் பேசிய மொழியை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுமொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காடுதான், அவர்களிலும் முதியவர்களே அதிகம். பாட்டிக்குப் பேச்சுத்துணை குறைவு. காலையில் நாங்கள் வேலைக்குப் புறப்பட்டுப் போனபின், சுவரின் இந்தப் பக்கம் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்து அவர் தினமும் “கா ஹால் பா?” என்று கேட்டிருக்கிறார். எப்படி இருக்கிறீர்கள், என்ன சேதி என்று பொருள்.

அப்பாவுக்கு முதலில் வருத்தம். முன்பின் பழகாதவரை, அதுவும் ஊரே ‘ஐயா’ என்று கூப்பிடும் ஒருவரை, எடுத்த எடுப்பில் ‘பா’ போட்டு அழைப்பது என்ன முறை என்று மனத்துக்குள் குமைந்திருக்கிறார். கடைச் சம்பவத்துக்குப் பிறகு வருத்தம் இரக்கமாக மாறியது. ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது தாழ்ந்த குரலில், “ஏம்மா, பக்கத்து வீட்டில் ஹால் இல்லையா? பாவம், அந்த அம்மாள் தினமும் காலையில் அதைச் சொல்லித்தான் வருத்தப்படுகிறார்” என்று கேட்டார். அலுவலகக் களைப்பில் இருந்த என் கணவர், எல்லா வீட்டிலும் ஹால் இருக்கும் என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். அப்பா நம்பவில்லை.

பிறகு அக்டோபர் வந்தது. இங்கே கோடை மழை பிடிப்பதற்கு முந்தைய அந்த மாதங்களில் குழாயில் நீர் நாள் முழுவதும் வராது, வரும் சில மணி நேரத்தில் மொட்டைமாடித் தொட்டியை நிரப்பிக்கொண்டு, அதை வைத்து நாளை ஓட்ட வேண்டும். அன்று காலை பாட்டி சுவரோரம் வந்து எங்கள் தொட்டியைச் சுட்டிக்காட்டி, “பானி பா?” என்று கேட்டார். போஜ்புரியில் அந்தப் ‘பா’வுக்கு ‘இருக்கிறது’ என்று பொருள். உங்கள் வீட்டில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையென்றால் தருகிறேன் என்பதே அவர் சொல்ல வந்தது. ‘பானி’ என்றால் தண்ணீர் என்பது அப்பாவுக்குத் தெரியும். ‘பா’ என்றால் இல்லை என்பதுதான் சிவப்பு மையில் இருக்கிறதே. வயதான அம்மாள் தண்ணீர் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிக் கை நீட்டிக் காட்டும்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பது தமிழ்ப் பண்பாகாது என்று, ஒரு வாளி நிறையப் பிடித்துச் சுவருக்கு மேல் தூக்கிக் கொடுத்தார்.

பாட்டி திகைத்துப்போய், தம்முடைய மாடித் தொட்டியைக் காட்டி, “பா, பா!” என்றார். எங்களிடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது என்றார். இல்லை, ஒரு சொட்டும் இல்லை என்று அப்பா புரிந்துகொண்டு இரண்டாவது வாளியைப் பிடித்தார். பாட்டி குரலை உயர்த்தி, இரண்டு கைகளையும் ஆட்டி, “பா! பா!” என்றார். இப்படி ஒரு தவிப்பைத் தாம் கண்டதில்லை என்று அப்பா பிற்பாடு சொன்னார். கொடுக்க வந்ததை மறுத்தால் விருந்தாளி மனம் நோகுமே என்று பாட்டி அண்டாவிலும் குண்டானிலும் பூந்தொட்டிகளிலும் ஊற்றிக்கொண்டே இருக்க, எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாத அப்பா ஊற்றிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். மாலையில் நான் வந்து குழாயைத் திறந்தபோது அது இருமியது.

சற்று நேரத்தில் பாட்டியின் பேரன் ஒரு நீளமான ரப்பர் குழாயோடு வந்தான். “உங்கள் தொட்டியைக் கழுவுகிறீர்களாமே, தாத்தா பகலெல்லாம் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தாராம், எங்கள் தொட்டியிலிருந்து நிரப்பித் தரப் பாட்டி சொன்னார்” என்றான். அவனிடம் விசாரித்தபோதுதான் முழு வரலாறும், கூடவே ஹால் விவகாரமும் வெளியே வந்தன. சுவருக்கு மேலாகப் போன அத்தனை தண்ணீரும் ரப்பர் குழாய் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்த அந்த நேரத்தில், அப்பா நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, ‘பா = இல்லை’ என்பதற்கு நேர் கீழே ‘பா = இருக்கிறது’ என்று எழுதி, இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு யாராவது இருந்தால் நோட்டுப் புத்தகத்தை மூடியிருப்பார்கள். அப்பா பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தமிழில் ஓரெழுத்து ஒருமொழி 42 என்று நன்னூல் வகுத்திருக்கிறது, அவற்றில் ஒன்று பா, வெண்பா, ஆசிரியப்பா, கலிப்பா, வஞ்சிப்பா என்று செய்யுளையே தாங்கும் சொல் அது, தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்கும் அதுவே பெயர் என்றார். பேரன் பொறுமையாகக் குழாயைப் பிடித்துக்கொண்டு கேட்டான். உண்மையில் கிரியோல் பாவும் போஜ்புரி பாவும் ஒரே ஒலி அல்ல. முன்னது ‘பாம்பு’ என்பதன் முதல் எழுத்தைப் போல அடங்கி ஒலிப்பது, பின்னது அதே சொல்லின் கடைசி எழுத்தைப் போல அதிர்ந்து ஒலிப்பது. தமிழ்ச் சொல்லில் எங்கே எது ஒலிக்கும் என்பது இடத்தைப் பொறுத்துத் தானாகவே அமைந்துவிடுவதால் நமக்கு ஒரு பகரம் போதும். ஊரார் சொற்களை எழுதும்போதுதான், இருப்பதும் இல்லாததும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கின்றன.

அதன்பின் அவருக்குப் ‘பா’ வேட்டையே தொழிலாயிற்று. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து என்னோடு வேலை செய்பவரைப் பிடித்து, ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பா என்றால் தகப்பனார் என்று கறந்துவிட்டார். கன்னடத் தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது, அவள் ஊரில் ‘பா’ என்றால் ‘வா’ என்று தெரிந்து, அன்று அவளை உட்காரவிடாமல் மூன்று முறை வாசலுக்கு அனுப்பி அழைத்தார். நானும் என் பங்குக்குச் சிலவற்றைத் திரட்டிக் கொடுத்தேன். தாய்லாந்து மொழியில் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துப் பா என்பது எறிவது, காடு, பெரியம்மா என்று மூன்றாகும். சீனத்தில் ஒரே சீராக நீட்டினால் எட்டு, மேலிருந்து கீழே விழும் தொனியில் சொன்னால் அப்பா. நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கு அது கோட்டை. எனக்கு மிகவும் பிடித்தது பர்மிய மொழியின் பாதான். அங்கே அது வினைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு பேச்சுக்கு மரியாதையைக் கூட்டும், வாருங்கள் என்பதற்கு ‘லாபா’ என்பார்கள். நம்முடைய ‘வாப்பா’வுக்குப் பக்கத்தில் வைத்தால் உறவு சொல்லலாம் போலிருக்கும், உறவு ஒன்றும் கிடையாது.

குழப்பத்துக்கு அப்பா கண்ட தீர்வு, சுலோகப் புத்தகங்களிலிருந்து எடுத்தது. வடமொழித் துதிகளைத் தமிழில் அச்சிடும்போது ஒரே எழுத்தின் நான்கு ஒலிகளைக் காட்ட மேலே சிறிய எண் போடுவார்களே, அந்த வழக்கப்படி அதிர்ந்து ஒலிக்கும் பகரத்துக்கு எண் மூன்று. ஆகவே கிரியோலின் இல்லாத பா வெறும் ‘பா’, போஜ்புரியின் இருக்கிற பா ‘பா³’ என்று சட்டம் செய்தார். பாட்டியிடம் பேசிப் பேசிப் போஜ்புரியில் ஆர்வம் முற்றியிருந்ததால், வீட்டுச் சீட்டுகளிலும் அதையே பயன்படுத்தத் தொடங்கினார். குளிர்ப்பெட்டிக் கதவில் ‘பால் பா³’ என்று எழுதி ஒட்டியிருந்தார், அதாவது பால் இருக்கிறது, வாங்க வேண்டாம்.

என் கணவர் அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் மூன்று பெட்டி பால் வாங்கிவந்தார். உள்ளே ஏற்கெனவே இரண்டு பெட்டி இருந்தன. அன்று மாலை அப்பா பெரிய பாத்திரத்தில் பாயசம் காய்ச்சினார், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.