சடக்கு ஓரமா நிறுத்துங்க

வேலூருக்கு வந்த மூன்றாம் நாள். சத்துவாச்சாரியில் வீடு நெருங்கியதும் ஷேர் ஆட்டோக்காரரிடம், "அண்ணே, சடக்கு ஓரமா நிறுத்துங்க" என்றேன். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கஹான் ருக்னா ஹை மேடம்?" என்றார்.

மலேசியாவில் எங்களுக்குத் தார்ச்சாலை என்றால் சடக்குதான். அம்மாவுக்கும் சடக்கு, பாட்டிக்கும் சடக்கு. அது இந்திக்காரர் வாயிலும் இருக்கும் சொல் என்று முப்பத்தாறு வயதுவரை எனக்குத் தெரியாது. வைத்தியத்துக்காக வடக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும் ஊர் இது. ஆட்டோக்காரர்களுக்கு இந்தியும் வங்காளமும் தண்ணீர் பட்ட பாடு. நான் பேசியது தமிழ்தான் என்று அவரை நம்ப வைப்பதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கித் திரும்ப நடந்தேன்.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். கணவருக்கு வேலூர். கோலாலம்பூரில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். கணவரின் அப்பாவான மாமாவுக்குச் சர்க்கரை ஏறிக் கால் விரலில் புண் வந்து ஆறாமல் போகவும், போன தை மாதம் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டோம். எனக்கு நீண்டகால விசா. வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் என்று பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த அன்றுதான் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "சொந்த ஊருக்கே வந்துட்ட, அப்புறம் இன்னா?" என்றார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் கொள்ளுத்தாத்தா இந்தப் பக்கத்துக்காரர்தான். 1930களில் கங்காணி ஆள் சேர்த்தபோது ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். தோட்ட வேலைக்கு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய காகிதம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. வட ஆற்காடு ஜில்லா, வாலாஜா தாலூகா என்பதுவரை தெளிவாகப் படிக்கலாம். ஊர் பெயர் இருக்கும் இடத்தில் மடிப்பு விழுந்து, மை ஊறி, ஒரு நீலக் கறைதான் மிச்சம். அந்த ஜில்லாவும் இப்போது இல்லை. 1989-இல் அதைப் பிரித்தார்கள். மிஞ்சிய வேலூர் மாவட்டத்தை 2019-இல் மறுபடி மூன்றாக்கினார்கள். வாலாஜா இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. ஆக, நான் குடியிருப்பது தாத்தாவின் மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டம்.

முதல் சில மாதங்கள் பேச்சிலேயே தடுக்கி விழுந்துகொண்டிருந்தேன். காலையில் யாரைப் பார்த்தாலும் "பசியாறியாச்சா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். இங்கே அதைக் கேட்டதும், ஏதோ பழைய நாடகத்திலிருந்து இறங்கி வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மகளுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. பள்ளியில் சேர்ந்து ஆறு வாரத்தில், "அம்மா, இன்னா பண்ணிகினு கீற?" என்று சமையலறைக்குள் வந்தாள். ஒருநாள் வீடியோ அழைப்பில் என் அம்மாவிடமும் அதையே கேட்டுவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க பாட்டி இப்படித்தாண்டி கேக்கும்" என்றார்.

சித்திரை பிறந்ததும் வெயில். கிள்ளானிலும் வெயில்தான், ஆனால் சாயங்காலம் ஒரு மழை வந்து கழுவிவிடும். அங்கே வேர்வை சொட்டும், சட்டை நனையும், தண்ணீர் குடிக்கத் தோன்றும். வேலூரில் 40 டிகிரியைத் தாண்டிய காய்ந்த வெயிலில் வேர்ப்பதே தெரியவில்லை. வேர்த்ததும் ஆவியாகிவிடுகிறது. உடம்பிலிருந்து இவ்வளவு தண்ணீர் போகிறதே என்று உறைக்காது. சிறுநீர் கெட்டியாகி உப்பு படிகிறதும் தெரியாது. நமக்கென்ன, வெயில் நாட்டிலிருந்து வந்தவள்தானே என்ற திமிர் எனக்கு வேறு. வைகாசி முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவு, வலது விலாவுக்குக் கீழே கத்தியால் கீறியது போல வலி. பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில், வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார்கள். விடியும்வரை தரையில் சுருண்டு கிடந்தேன். காலையில் வேறு இடத்தில் ஸ்கேன் எடுத்தபோதுதான் 4 மில்லிமீட்டர் கல் என்று தெரிந்தது. அந்த அளவு கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள் என்றார் டாக்டர். அத்தை அதோடு விடவில்லை. தினமும் வாழைத்தண்டுச் சாறு. கல்லைக் கரைத்தது சாறா, தண்ணீரா என்று எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை. அத்தையிடம் நான் வாதாடுவதும் இல்லை.

ஆனால் இந்த வருடத்து வைத்தியக் கதை என்றால் அது மாமாவின் கால்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரைச் சிஎம்சிக்கு, அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அழைத்துப் போவது என் பொறுப்பு. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம் இன்று ஊரின் பாதிப் பிழைப்பைத் தாங்குகிறது. சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மருந்துக்கடை, மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடை என்று எங்கு பார்த்தாலும் வங்காள எழுத்து. தமிழ்நாட்டில் வந்து தமிழ்ப் பலகையைத் தேட வேண்டியிருக்கிறதே என்று முதலில் தோன்றியது. பிறகு பழகிவிட்டது. இந்தத் தெருக்களில் பாதிப்பேர் வெளியூர்க்காரர்கள். அங்கே நான் மட்டும் தனியாகத் தெரியவில்லை. அது ஒரு நிம்மதி.

ஆனி மாதம் ஒருநாள். டோக்கன் எண் நகரவே இல்லை. பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், மனைவியின் மருத்துவ ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பங்களாதேஷ்காரர். மகளின் பள்ளிப் பை மேலே மலேசியக் கொடி ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும்; அன்று அதைத்தான் நான் எடுத்துப் போயிருந்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி, "சுடா மாக்கான்?" என்றார்.

மலாயில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார். வேலூரில், சிஎம்சி வராந்தாவில். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவர் ஜொகூரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவராம். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் மலாயில் பேசினோம். ரொட்டி சானாயைப் பற்றி, நோன்பு மாதச் சந்தையைப் பற்றி, மழையைப் பற்றி. இங்கே தே தாரேக், இழுத்து ஆற்றித் தரும் அந்தப் பால் டீ, கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது, ஆனால் பேருந்து நிலையத்து டீக்கடையில் ஆற்றுகிற ஆற்றலைப் பார்த்தால் அதே கைதான் என்றேன். சிரித்தார். மாமா எங்கள் வாயையே மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் போனதும் கேட்டார்: "இன்னாம்மா பாஷை அது? இவ்ளோ வேகமா பேசுற. எங்ககிட்ட ஒருநாளும் இப்படிப் பேசினதில்லியே."

அது கொஞ்சம் குத்தியது. தமிழ் பேசுகிற ஊருக்குப் போகிறோம், மொழிக்கு ஏங்க வேண்டியதில்லை என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். ஏங்கியது மலாய்க்கு. மாமாவின் புண் புரட்டாசியில் ஆறியது. விரல் தப்பியது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும்.

ஊர் சுற்றிய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். பாலாறு இன்றும் பெரும்பாலும் மணல்தான். 2021 வெள்ளத்தில் கரை புரண்டதை மாமா போனில் பிடித்து வைத்திருக்கிறார், விருந்தாளிகளுக்குக் காட்ட. கோயில் விஷயம் மட்டும் பொய்யாகிவிட்டது. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல தலைமுறையாகச் சாமியில்லாமல் கிடந்தது. 1981-இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தை அப்போது கல்யாணமாகாத பெண். "எங்க சாமியத்தான் கடன் வாங்கிகினு போனாங்க" என்று இன்றும் உரிமையோடு சொல்வார். ஞாயிறு மாலையில் கோட்டைப் புல்தரையில் போய் உட்கார்ந்துவிட்டு வருவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. செலவில்லாத பொழுதுபோக்கு, கடலைக்கு இருபது ரூபாய் வைத்துக்கொண்டால் போதும்.

அந்தக் கடலையில் ஒரு விஷயம். கூடைக்காரம்மா முதல்முறை "மல்லாட்டை வேணுமா?" என்று கேட்டபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். கிள்ளானில் எல்லாரும் கச்சாங் என்போம், அது மலாய். பாட்டி மட்டும் மல்லாட்டை, மல்லாட்டை என்று சொல்லும். பொக்கை வாயில் சொல் குழறுகிறது என்று பேரப்பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். மணிலாக்கொட்டை என்பதுதான் தேய்ந்து மல்லாட்டை ஆனது என்று கணவர் விளக்கினார். பாட்டி செத்துப் பதினான்கு வருடம் ஆகிறது.

ஏலகிரி போனோம். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் வளைவில் எங்கள் மகள் காலையில் தின்ற மூன்று இட்லியையும் கொடுத்தாள். புங்கனூர் ஏரியில் படகு, அவ்வளவுதான். ஸ்ரீபுரம் தங்கக் கோயிலை ஒருமுறை பார்த்தாயிற்று. நட்சத்திரப் பாதையில் சுற்றி நடந்ததில் எனக்குக் கால் வலித்ததுதான் நினைவிருக்கிறது. ஆம்பூர் பிரியாணி நான்கு முறை. சீரகச் சம்பாவும் கத்தரிக்காய்த் தொக்கும் அலுக்கவில்லை.

மாசியில் மயானக் கொள்ளை, அங்காளம்மன் திருவிழா. கிள்ளானில் தைப்பூசக் காவடி பார்த்து வளர்ந்தவள் நான், எதற்கும் அசரமாட்டேன் என்று நினைத்திருந்தேன். காளி வேஷம் கட்டியவர்கள் நாக்கை நீட்டிக்கொண்டு பாலாற்றங்கரையை நோக்கி ஆடிப் போன கூட்டத்தில் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயந்தது அவளா நானா என்று கணவரிடம் கேட்காதீர்கள்.

கார்த்திகையில் என் அம்மா மூன்று வாரம் தங்க வந்தார். சோளிங்கருக்குப் போனோம். நரசிம்மர் கோயில் இருக்கும் பெரிய மலைக்கு ஆயிரத்து முந்நூறு படிக்கு மேல். 2024-இல் ரோப் கார் வந்துவிட்டதால் முட்டி வலிக்காரர்கள் பிழைத்தார்கள். சம்பந்திகள் இருவரும் ஒரே பெட்டியில் ஏறி, கீழே பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி போனார்கள். அதுவரை இருவருக்கும் நடுவில் மரியாதை இருந்தது, பேச்சு இல்லை. இறங்கும்போது பேச்சு நிற்கவே இல்லை.

மறுவாரம் அம்மா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டார். வாலாஜா போவோம் என்றார். போனோம். நீலக் கறையைக் காட்டி இரண்டு மூன்று பெரியவர்களிடம் கேட்டோம். ஒரு தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "தாலூகாவுல எத்தினி ஊரும்மா கீது. பேரு தெரியாம எங்கன்னு சொல்றது?" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் கேட்டது நியாயம்தான். ஆற்றைக் கடந்து ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கிக்கொண்டோம். அம்மாவின் முகம் வாடியிருந்தது. பேடாவைத் தொடவில்லை.

திரும்பும் வழியில் சாலையோரம் கத்தரிக்காய்க் குவியல். இலவம்பாடி முள்ளுக் கத்தரி, காம்பில் முள் குத்தும். விற்ற அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். வண்டியை நிறுத்தியதும், "இன்னா மோ, எத்தினி கிலோ? வாம்மா, புதுசா பறிச்சிகினு வந்தது, கையில எடுத்துப் பாரு" என்று பேச ஆரம்பித்தார். எடுத்துப் போட்டார், பேசினார், விலையைக் குறைத்தார், மருமகளைத் திட்டினார், மழை வராததைத் திட்டினார். அம்மா இறங்கி அந்தக் கிழவிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். என்ன விலை என்று கேட்கவே இல்லை. ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக, அந்த அம்மாளை இன்னும் பேச வைத்துக்கொண்டிருந்தார். கணவர் ஹாரன் அடிக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நாங்கள் வாங்கியது ஐந்து கிலோ. அடுத்த நான்கு நாளும் வீட்டில் கத்தரிக்காய்தான்.